கட்டிலுக்கும் கான்வாஸுக்கும் நடுவில்

கும்பகோணத்தில் விடுதியில் தங்கி ஓவியம் படிக்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் கேட்பது சாப்பாடு எப்படி என்றுதான். சாம்பார் பரவாயில்லை. தொல்லை எல்லாம் எண்ணெய் வண்ணத்தால். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுக வேண்டும். ஐப்பசி அடைமழையில் அதற்கு அவசரமே கிடையாது. கான்வாஸைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கட்டிலில் உடம்பை ஒடுக்கிப் படுக்கிறோம். பக்கத்துக் கட்டில் தம்பியின் நீலம் என் போர்வையில் ஒட்டி நிரந்தரமாகிவிட்டது. கேட்டால், “கீழே கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா அண்ணே?” என்கிறான்.

சிற்பப் பிரிவுக்காரர்கள் இன்னும் மோசம். குளிக்கிற வாளியில் களிமண்ணை ஊறவைப்பார்கள். வெண்கலச் சிலை வார்க்க சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவதும் இந்தக் காவிரி வண்டலைத்தான். அவ்வளவு நைசான மண், மெழுகில் கீறிய நகக்கோடுகூட அதில் பதிந்துவிடும். அதே மண் குளியலறை வடிகாலை அடைத்தால் வார்டனுக்கு அதன் அருமை விளங்குவதில்லை, பாவம்.

ஞாயிறு மழை இல்லாவிட்டால் தாராசுரம் போகிறோம். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. வரைய உட்கார்ந்தால்தான் தெரியும், எந்தக் கோடு யாருடையது என்று சொல்லவே முடியாது. வருகிறவர்கள் கரித்துண்டும் பழைய செய்தித்தாளும் கொண்டுவாருங்கள். என்னிடம் கடன் கேட்காதீர்கள்.