கிளைசின்

மார்ச் 4
தங்கச்சி மகள் பிறந்தவுடன் நன்றாகத்தான் அழுதாள். நேற்று சாயங்காலத்திலிருந்து பாலுக்கு எழவில்லை, உடம்பு துவண்டு கிடந்தது. விடாத விக்கல் வேறு. நடுராத்திரி மூச்சு நின்று நின்று வந்ததும் வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது. "வயித்துல இருக்கும்போதே விக்கிக்கிட்டேதான் இருந்தா" என்றாள் தங்கச்சி. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மார்ச் 6
ஃபிட்ஸ். கைகால் வெட்டி இழுக்கவில்லை, கட்டைவிரல் மட்டும் சட்டென்று துள்ளி அடங்குகிறது. மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜியில் ஒரு கிறுக்கல், அப்புறம் கிட்டத்தட்ட நேர்க்கோடு, மறுபடி கிறுக்கல். வைட்டமின் பி6 கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மட்டுமே அடங்கும் பரம்பரை வலிப்பு ஒன்று உண்டாம். இவளுக்கு அடங்கவில்லை. ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள்.

மார்ச் 9
நான்கீட்டோடிக் ஹைப்பர்கிளைசினீமியா. இதைத் தடுமாறாமல் சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது.

கிளைசின் மிகச் சிறிய அமினோ அமிலம், எல்லோர் உடம்பிலும் இருப்பது. அதை உடைக்கும் அமைப்பு இவளுக்கு வேலை செய்யவில்லை. முதுகுத்தண்டு நீரில் உள்ள அளவை ரத்த அளவால் வகுத்தால் சாதாரணமாக 0.02 போல வரும். 0.08-ஐத் தாண்டினால் இந்த நோயைத்தான் நினைப்பார்கள். இவளுக்கு 0.2.

டாக்டர் படம் போட்டுக் காட்டியதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் கிளைசின் நரம்புகளை அடக்குகிறது. அதனால் மூச்சும் தசையும் ஓய்ந்துபோகின்றன. பெருமூளையில் அதே கிளைசின் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் வலிப்பு. ஒரே பொருள் ஓரிடத்தில் அடக்கி, இன்னோரிடத்தில் கிளறுகிறது.

மார்ச் 11
சோடியம் பென்சோயேட் தொடங்கியாயிற்று. ஊறுகாய் பாட்டிலில் கெடாமல் இருக்கச் சேர்ப்பார்களே, அதேதான். கிளைசினோடு சேர்ந்து சிறுநீரில் வெளியேறிவிடும். கூடவே டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான். அது இருமல் மருந்து, மூளையில் கிளைசின் தூண்டுகிற இடத்தை அடைக்கிறது. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு வரி: வால்ப்ரோயேட் கூடாது. வலிப்புக்குச் சாதாரணமாக எழுதுகிற மருந்துதான், ஆனால் இந்த நோயில் கிளைசினைக் கூட்டிவிடும்.

மார்ச் 14
"பெரும்பாலும் மூணாவது வாரத்துக்குள்ள மூச்சு தானா திரும்பிடும். அதை வச்சு நோய் குணமாயிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க" என்றார் டாக்டர். கடுமையான வகையில் குழந்தை உட்காரவோ பேசவோ வாய்ப்பு மிகக் குறைவு, வலிப்பும் விடாது. மருந்து ரத்தத்தில் அளவைக் குறைக்கும், மூளைக்கு அது போதாது. ஆகவே வென்டிலேட்டரைத் தொடர்வதா என்பதை இப்போதே யோசிக்க வேண்டுமாம்.

தங்கச்சி வீட்டுக்காரர் வெடித்தார். "மூச்சு வந்துடும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வி?"

அவர் கோபம் நியாயம்தான். ஆனாலும் டாக்டர் சொன்ன நேரம் சரி என்றே படுகிறது. மூச்சு வந்த பிறகு சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே இருந்திருக்காது.

மார்ச் 15
தொடரலாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். நான் கருத்துச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 21
குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். சொந்தக்காரர்கள் போனில் ஒரே சந்தோஷம். விளக்கம் சொல்லித் தீராது என்று பாதி அழைப்புகளை எடுக்கவில்லை. கட்டைவிரல் இன்னும் துள்ளுகிறது.

ஏப்ரல் 10
மரபணு ரிப்போர்ட் வந்தது. கிளைசினை உடைக்கும் அமைப்புக்கான ஜிஎல்டிசி மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பிழை, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. "எங்க பக்கத்துல யாருக்குமே இல்லையே" என்று இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள். ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, தலைமுறை தலைமுறையாக ஓசைப்படாமல் வரும். எனக்கும் இருக்கலாம், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

மூக்குக் குழாயில் பால் ஊற்றவும் சளி உறிஞ்சவும் தங்கச்சி பழகிவிட்டாள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு என்று கவுன்சலர் சொன்னபோது பேசாமல் இருந்தாள். பிழை எது என்று தெரிந்துவிட்டதால் 11-வது வாரம் வாக்கில் நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துவிடலாமாம்.

வெளியே வந்ததும் என்னிடம், "இப்ப ஒண்ணும் வேண்டாம்க்கா. ஆனா அந்த டெஸ்ட் பேரை எழுதி வச்சுக்கோ" என்றாள்.