பினாங்குக்குப் போன ஆறு கடிகாரங்கள்

தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக, எங்கள் திருப்பூர் கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஆறு மிச்சமிருந்தது. பனியன் ஆர்டர் பிடிக்கப் போகிறோம், வெறுங்கையோடு போவானேன் என்று பேட்டரியோடு அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மலேசியாவின் பினாங்கில், லெபோ பாசார் தெருவில் தூரத்து மாமாவுக்கு ஜவுளிக்கடை. கொஞ்சம் நடந்தால் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். பூக்கடையும் சினிமாப் பாட்டுமாக நம்மூர்க் கடைவீதி மாதிரியே இருந்தது. அந்த நினைப்பில்தான் சறுக்கினேன்.

“இது யாருக்கு மாப்ளே?” என்றார் மாமா.

“நாளைக்குப் பார்க்கப்போற சீன முதலாளிக்கு.”

“தவுக்கேக்குச் சங்கு ஊதப் பார்க்கறீங்களே!”

அங்கே சீன முதலாளியைத் தவுக்கே என்பார்கள். மாண்டரின் சீன மொழியில் கடிகாரம் பரிசளிப்பதும் ஒருவரைக் கடைசி வழியனுப்புவதும் ஒரே ஒலியாம்: சோங் ஜோங். ஆறும் மாமா வீட்டு அலமாரிக்குப் போயின. பதிலுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனோம்.

தவுக்கே விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் அப்படியே வாங்கினேன். பழக்கதோஷத்தில் பின்பாக்கெட்டுக்குப் போன கையை மாமா முழங்கையால் இடித்தார். பேச்சு முடியும்வரை கார்டு மேசையிலேயே இருந்தது.

அடுத்தது ஒரு மலாய்ப் பெண்மணி. கையை நீட்டாதீங்க, அவங்க நீட்டினா மட்டும் குலுக்குங்க என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். அவர் வலது கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தார், நான் கும்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் கார்டில் கடைசியாக இருந்த பெயரைச் சொல்லி அழைத்துவிட்டேன். ‘பிந்தி’ என்றால் மகள்; அதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர். நம் இனிஷியலை விரித்து எழுதியது போலத்தான். இனிஷியலோடு பிறந்த எனக்கே இது உறைக்கவில்லை! அவர் சிரித்தபடி தன் பெயரைச் சொன்னார். அதற்கு முன்னால், நம் ‘திருமதி’ மாதிரி, ‘புவான்’ சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகை முடியும்வரை அவர் அலுவலகத்தில் யாரும் கிடைக்கவில்லை. அப்புறம் போய், 300 டி-ஷர்ட்டுக்குச் சாம்பிள் ஆர்டர் வாங்கினேன்.

கிளம்பும் நாள் பார்த்தால், மாமா கடைக் கல்லாவுக்கு மேலே என் கடிகாரம் ஒன்று தொங்குகிறது. முள்ளைத் திருப்பவே இல்லை. இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“நேரம் மாத்தலையா மாமா?”

“இருக்கட்டும் மாப்ளே. உங்களுக்கு எப்ப போன் போடலாம்னு பார்த்துக்கறேன்.”