ஐந்து நாள், பன்னிரண்டு ஆடு: சர்ஜாபுர சைட்டைச் சுத்தம் செய்த கதை

சர்ஜாபுரம் பக்கம் அப்பா 2004-இல் வாங்கிப் போட்ட சைட் ஒன்று எங்களுக்கு இருக்கிறது. நாற்பதுக்கு அறுபது. (பெங்களூரில் மனை என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்க்காரர்களுக்கும் அது சைட்தான்.) நாங்கள் இருப்பது அல்சூரில். அப்பா இருந்தவரை வருடத்துக்கு இரண்டு முறை ஆள் வைத்து வெட்டுவார். அவர் போன பிறகு நான்கு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன செப்டம்பரில் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். அவர்கள் வாசல்படியில் இரவு கண்ணாடி விரியன் கிடந்திருக்கிறது. வீட்டில் தவழ்கிற குழந்தை. அன்றைக்கே ஓடினேன்.

சைட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி, இடையிடையே பார்த்தீனியம், மூலையில் சவுண்டல் மரங்கள், எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு ஒரு கொடி. எல்லைக்கல் நான்கும் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

ஜேசிபிக்கு விசாரித்தேன். மணிக்கு 1,300 ரூபாய், குறைந்தது மூன்று மணி நேரம், வெட்டியதை ஏற்றிப்போக டிராக்டருக்குத் தனி. காசை விட எனக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. எதிர் சைட்டில் முந்தின வருடம் ஜேசிபி விட்டு மேல்மண்ணைச் சுரண்டினார்கள். அடுத்த மழைக்கு அங்கே புல் கூட வரவில்லை, முழுக்கப் பார்த்தீனியம்தான் வந்தது. கிளறிப்போட்ட வெறும் மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். மருந்து அடிக்கவும் மனம் வரவில்லை. பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுப் போர்வெல்.

அம்மாவிடம் புலம்பியபோது, "ஆட்டை விடேன்டி" என்றார். அம்மாவுக்குச் சிவகங்கைப் பக்கம். அறுப்பு முடிந்ததும் மந்தை மேய்க்கிற கீதாரியிடம் பேசி, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, மந்தையை வயலிலேயே அடைத்துக் கிடை போடுவார்கள். அங்கே எருவுக்காக ஆடு, இங்கே தழையைத் தின்னட்டும், அவ்வளவுதானே என்றார். கூகுள் நிறுவனம் 2009-இல் கலிஃபோர்னியா வளாகத்தில் புதரைக் குறைக்கச் சுமார் 200 ஆடுகளை வாடகைக்கு எடுத்த செய்தியை அப்போது வியந்து படித்தது நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்த லேஅவுட் வழியாகத் தினமும் காலையில் ஒருவர் மந்தை ஓட்டிப் போவார். செம்மறியும் வெள்ளாடும் கலந்த மந்தை. எனக்கு வேண்டியது வெள்ளாடு மட்டும். செம்மறி தலையைக் குனிந்து புல்லைக் கறிக்கும், புதரை ஏறிட்டுப் பார்க்காது. கன்னடத்தில் செம்மறிக்குக் குரி, வெள்ளாட்டுக்கு மேகெ. நாம் செய்தியில் படிக்கிற மேகதாதுவில் இருப்பதும் இந்த மேகெதான், ஆடு தாண்டும் இடம் என்று பொருள். "மேகெ மட்டும் வேணும் அண்ணா" என்றேன். அவர் காசு பேசவில்லை. "முதல்ல இடத்தைப் பார்க்கிறேன் அம்மா" என்றார்.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்: ஆட்டுக்காரர் இடத்தைப் பார்க்காமல் ஆட்டை உள்ளே விடாதீர்கள். அரை மணி நேரம் தொரட்டியால் விலக்கி விலக்கிப் பார்த்தார். உண்ணிச்செடி ஆகாது, தின்றால் ஈரல் கெடும், அப்புறம் வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்துபோகும் என்றார். பார்த்தீனியத்தைத் தின்றால் பால் கசக்கும். அவர் முகம் மாறியது பக்கத்து வீட்டு மதிலருகில்தான். அவர்கள் பூஜைக்கு வைத்த அரளி எங்கள் பக்கம் சாய்ந்து தொங்கியது. கொஞ்சம் இலை போதும், ஆடு போய்விடும். காய்ந்த சருகிலும் விஷம் அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டம்மாவே அரிவாளுடன் வந்து கிளைகளைக் கழித்தார், நானும் அவரும் உட்கார்ந்து உதிர்ந்த சருகைக் கையால் பொறுக்கினோம். வேலியோரம் ஆடாதொடை இருந்தது. அதைக் காட்டிக் கவலைப்பட்டேன், ஆட்டுக்காரர் சிரித்தார். ஆடு தொடா என்று நம் மொழியிலேயே பேர் இருக்கிறதே!

ஒரு கூலியாள் வைத்து உண்ணிச்செடியைக் கடப்பாரையால் வேரோடு பெயர்த்தோம். பார்த்தீனியத்தை நான் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு பூ முற்றுவதற்குள் பிடுங்கினேன். அதன் பிறகு குப்பை. காலி சைட் என்றால் ஊரே கொட்டுகிறது. பால் கவர், பீர் பாட்டில், கட்டுக்கம்பித் துண்டு, தெர்மாகோல், ஏழு மூட்டை. பிளாஸ்டிக் கவரில் உப்புச் சுவை ஒட்டியிருந்தால் ஆடு விழுங்கிவிடும், அது வயிற்றிலேயே தங்கிவிடும். இரண்டு நாள் எனக்கு இடுப்பு நிமிரவில்லை.

சரி, பேச்சுக்கு வருகிறேன். பன்னிரண்டு ஆடு, நாளைக்கு 1,000 ரூபாய், கூடவே அவர் இருப்பார், சாயங்காலம் பட்டிக்கு ஓட்டிப் போய்விடுவார். வளர்ந்த ஆடு நாளைக்கு நான்கு கிலோ வரை பசுந்தழை தின்னும், அந்தக் கணக்கில் ஐந்து நாள் என்றார். தெருநாய்க்காக மதில் இல்லாத பக்கம் வலை கட்டினேன். இரண்டு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர்.

முதல் நாள் பத்து மணிக்கு உள்ளே விட்டார். அவை முதலில் கொடியைப் பிடித்தன. ஒரு பெட்டை ஆடு பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலைச் சவுண்டல் கிளையில் ஊன்றி, மேலுதட்டை விரல் போல வளைத்து இலையை மட்டும் உருவியது. குச்சி அப்படியே நின்றது. முள்ளுக்கு நடுவில் இருக்கிற தளிரைக் கூட அந்த உதடு தேடிப் பிடிக்கிறது. மத்தியானம் எல்லாம் படுத்து அசைபோட்டன. அந்த ஒரு மணி நேரத்தில் அவரும் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். முந்தின இரவு மழை. எனக்கு மத்தியானம் ஆபீஸ் போக வேண்டியிருந்தது, சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லி எட்டு மணிக்கே அவரை நச்சரித்தேன். ஈரம் காயட்டும் என்று இரண்டு முறை சொன்னார், நான் விடவில்லை. பதினொரு மணிக்கு ஒரு இளம் ஆடு தனியாக ஒதுங்கி நின்று பல்லைக் கடித்தது. இடது விலா வீங்கியிருந்தது. அவர் விரலால் சுண்டினார், தப்பு மேளம் போலச் சத்தம் வந்தது. ஈரப் புல்லை வேகமாகத் தின்று வயிறு உப்பிவிட்டது. என்னை எண்ணெய் வாங்கி வர ஓடச் சொன்னார். தலையை ரொம்பத் தூக்காமல், புரையேறாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு வேப்பங்குச்சியை வாயில் குறுக்காக வைத்துக் கொம்பில் கட்டினார், அதை மென்றுகொண்டே இருந்தால் ஏப்பம் வருமாம். முன்பக்கம் மேடாக நிற்க வைத்து விலாவை நீவிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஏப்பம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் பனி காய்ந்து, பத்தரை மணிக்குப் பிறகுதான் ஆரம்பித்தோம்.

ஐந்தாம் நாள் முடிவில் மொட்டைக் குச்சிகளும் புழுக்கையும் மட்டுமே மிச்சம். குச்சிகளை ஆள் வைத்து ஒரே காலையில் வெட்டினோம். புழுக்கையைப் பக்கத்து வீட்டம்மா தென்னைக்குக் கூட்டி அள்ளிக்கொண்டார். ஆடு வேரைத் தொடுவதில்லை, மறுபடி துளிர்க்கும். துளிர்க்கத் துளிர்க்கத் தின்ன விட்டால்தான் வேர் களைக்கும். அதனால் ஆறு வாரம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு அன்றைக்கே பேசி முன்பணம் கொடுத்தேன்.

இரண்டாம் சுற்றுக்கு ஒன்றரை நாள் போதுமானதாக இருந்தது. வயிறு உப்பிய ஆடு முதல் ஆளாக உள்ளே வந்தது. வடகிழக்கு மூலையில் நான்கு வருடம் கண்ணில் படாமல் கிடந்த எல்லைக்கல் இப்போது வெளியே தெரிகிறது. அதன்மேல் இரண்டு முன்னங்காலையும் வைத்து, சவுண்டலின் புதுத் துளிரை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.