11 உருப்படிகளும் 2 சங்கிலிகளும்

எங்கள் வீட்டில் ரயில் ஏறாதவர் என்று எவரும் இல்லை. ஆனால் ஏறிய ரயிலிலேயே தூங்கி எழுந்து, பல் துலக்கி, மூன்று வேளையும் உண்டு, மறுபடியும் அதிலேயே தூங்கியவர் என்றும் எவரும் இல்லை. இரவில் ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடுவதற்குப் பெயர்தான் ரயில் பயணம் என்று நம்பிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. டெல்லியில் வேலை கிடைத்துப் போன அக்கா, வாடகைக்கு வீடு பிடித்துவிட்டதாகவும் எல்லாரும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றும் அழைத்தபோதுதான், அப்பா கால அட்டவணையை எடுத்தார். சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில்தான் புது டெல்லிக்குப் போய்ச் சேரும் என்று படித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். இரண்டாவது முறையும் அது மூன்றாம் நாளாகவே இருந்தது.

அப்பா கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்துக்கும் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவார்; அடுத்ததாக எதிர்வீட்டு மாமாவிடம் ஆலோசனை கேட்பார். மாமா நிலக்கரி எஞ்சின் காலத்தில் காசிக்குப் போய்வந்தவர் என்பதால், எங்கள் தெருவிலிருந்து வடக்கே போகும் எவரும் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரமாவது உட்காராமல் போய்விட முடியாது. வளைவில் வண்டி திரும்பும்போது ஜன்னலோரம் முகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, கண்ணில் கரித்தூள் விழும் என்பது அவர் விடுத்த முதல் எச்சரிக்கை. அந்தப் பாதை முழுவதும் மின்சார எஞ்சின் ஓடத் தொடங்கி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எந்தத் தூளாக இருந்தால் என்ன, கண்ணில் விழுந்தால் உறுத்தத்தானே செய்யும்?" என்று மாமா கேட்டார். அப்பா நோட்டுப் புத்தகத்தில் "கறுப்புக் கண்ணாடி – 4" என்று எழுதிக்கொண்டார்.

முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்துவிடும் என்பதும் மாமா கொடுத்த தகவல்தான். மே மாத நடுவில் பயணம் என்பதால், அப்பா நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து, தை மாதத்தில் ஒரு நாள் குளித்துத் திருநீறு பூசி, காலை 8 மணிக்கு என்னைக் கைப்பேசியோடு தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தத் தேதியையே தளம் ஏற்றுக்கொள்ளவில்லை. 2024 நவம்பர் 1 முதல் அந்த 120 நாள் 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது, அந்த 60 நாளிலும் பயண நாள் சேராது என்று நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, அப்பாவுக்கு வருத்தத்தைவிட நிம்மதியே மிகுதியாக இருந்தது. ஆயத்தம் செய்ய இன்னும் இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது அல்லவா? பங்குனியில் மறுபடியும் குளித்து, மறுபடியும் திருநீறு பூசி, தூங்கும் வசதி வகுப்பில் நான்கு படுக்கைகள் பிடித்தோம்: 41, 42, 43, 47. பத்து இலக்கப் பி.என்.ஆர். எண்ணை அப்பா அன்றே மனப்பாடம் செய்துவிட்டார். காய்கறி வாங்கப் போகும் வழியில்கூட அது அவர் வாயில் முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

படுக்கை எண்ணை 8 ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும், எந்தப் படுக்கை என்று தெரிந்துவிடும். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ்ப் படுக்கை. 2 அல்லது 5 வந்தால் நடுப் படுக்கை. 3 அல்லது 6 வந்தால் மேல் படுக்கை. 7 வந்தால் பக்கவாட்டில் கீழே. மீதியே வராவிட்டால் பக்கவாட்டில் மேலே. கணக்குப் பிரிவுக்காரருக்கு இது கரும்பு தின்னக் கூலி கொடுத்ததைப் போல ஆகிவிட்டது. கூடத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் பெட்டியின் ஒரு தடுப்பை வரைந்து, 41 பாட்டிக்கு, 42 அம்மாவுக்கு, 43 எனக்கு, 47 தனக்கு என்று பிரித்துக் கொடுத்தார். அம்மாவுக்குக் கிடைத்த நடுப் படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரித்து வைத்திருக்கலாம் என்ற விதியை எங்கேயோ படித்தவர், அதற்கு உடம்பு பழக வேண்டும் என்று சொல்லி, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சரியாக 6 மணிக்கு அம்மாவின் பாயைச் சுருட்டத் தொடங்கினார். அம்மா பாயில் இருக்கும்போதே சுருட்டினார் என்பதைச் சொன்னால்தான், அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் காப்பி ஏன் அவ்வளவு தண்ணீராக இருந்தது என்பது விளங்கும்.

தூங்கும் வசதி வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். நான்கு பேருக்கு 160 கிலோ. யானைக் குட்டியை ஏற்றப் போகிறவரைப் போல அப்பா அதற்கும் தனிப் பக்கம் ஒதுக்கினார். வீட்டில் இருந்தது ஆள் ஏறி நின்று பார்க்கும் எடைக் கருவி மட்டுமே என்பதால், முதலில் தான் மட்டும் ஏறி நின்றும், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றும், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தும் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் கண்டுபிடித்தார். பெட்டிகள் எல்லாம் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டவில்லை. ஆனால் கழிக்கப்பட்ட அந்த முதல் எண்ணை அம்மா எட்டிப் பார்த்துவிட்டார். மருத்துவர் போன மாதம் கேட்டபோது அப்பா சொன்ன எடைக்கும் அதற்கும் ஆறு கிலோ வித்தியாசம் இருந்தது. அன்று இரவு முதல் அப்பாவுக்குத் தோசை இரண்டோடு நிறுத்தப்பட்டது. ரயிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று அவர் எவ்வளவோ வாதாடினார்.

சாப்பாட்டு விஷயத்தில் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை அம்மா அண்ட விடவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு ஏறினால் இடையில் ஒரு முழுப் பகல்தான், மூன்று வேளைக்கு இருந்தால் போதும் என்பது அப்பாவின் கணக்கு. வண்டி தாமதமானால், பக்கத்து இருக்கையில் குழந்தை இருந்தால், அந்தக் குழந்தைக்கு ஒரு தம்பியும் இருந்தால் என்று அடுக்கி, ஏழு வேளைக்குக் கட்டுவது என்று அம்மா முடிவு செய்தார். இட்லி ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி அடுக்கினார். புளியோதரைக்குச் சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் ஆறவிட்ட பிறகே புளிக்காய்ச்சலைச் சேர்த்தார். சூடு இருக்கும்போதே மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டியே சோறு கெட்டுவிடும். தயிர்சாதத்தில்தான் அவருடைய கைவண்ணம் முழுமையாக வெளிப்பட்டது. சித்திரை வெயிலில் தயிர் ஊற்றிப் பிசைந்தால் நாக்பூர் வருவதற்குள் புளித்துவிடும் என்பதால், குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, அரைக் கரண்டித் தயிரை மட்டும் உறைக்கு விட்டார். மதியம் திறக்கும்போது அது பெட்டிக்குள்ளேயே பதமாகத் தோய்ந்திருக்கும். வெளியே ரயிலும் உள்ளே தயிரும் ஒரே நேரத்தில் ஊர் போய்ச் சேரும் அந்த ஏற்பாட்டின் முன்னால் அப்பாவின் எட்டாம் வாய்ப்பாடு எம்மாத்திரம்?

இனிச் சங்கிலிகளுக்கு வருகிறேன். பெட்டிகளைக் கீழ்ப் படுக்கையின் அடியில் சங்கிலியால் பிணைத்துப் பூட்ட வேண்டும் என்பது மாமாவின் இரண்டாவது கட்டளை. அப்பா வாங்கி வந்த சங்கிலியின் கனத்தைப் பார்த்த பாட்டி, மாடு எப்போது வருகிறது என்று கேட்டார். அதன் சாவி பாட்டியின் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும் என்றும், எக்காரணம் கொண்டும் பாட்டி அதை வெளியே எடுக்கக் கூடாது என்றும் தீர்மானமாயிற்று. இரண்டாவது சங்கிலி, ரயில் பெட்டியிலேயே தொங்கும் அபாயச் சங்கிலி. தக்க காரணமில்லாமல் அதை இழுத்தால், 1989 ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 141 ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும் என்று அப்பா உரக்கப் படித்தார். சங்கிலியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பாட்டி அன்று முதல் குற்றவாளியைப் போலக் கையை மடக்கியே வைத்துக்கொண்டார்.

ஆயத்தங்களின் உச்சம் ஒத்திகை. எங்கள் சொந்த ஊர் நிலையத்தில் வண்டி இரண்டு நிமிடமே நிற்கும். அதைத் தவிர வேறு விதமாக ரயில் ஏறி அப்பாவுக்குப் பழக்கம் இல்லை. ஆகவே எங்களுடைய 11 உருப்படிகளையும் இரண்டு நிமிடத்துக்குள் ஏற்றிப் பழக வேண்டும் என்றார். வீட்டு வாசல்தான் ரயில் பெட்டியின் கதவு, நடைதான் உள்வழி, கூடத்துச் சுண்ணக்கட்டிச் சதுரம்தான் எங்கள் தடுப்பு. அப்பா கீழே நின்று எடுத்துக் கொடுக்க, அம்மா வாசலில் வாங்கி எனக்குக் கடத்த, நான் ஓடிப் போய்ப் பாட்டியின் காலடியில் அடுக்க, பாட்டி எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஏழு நிமிடம் ஆயிற்று. நான்காம் நாள் ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்தபோது, தெருவில் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். பெட்டிகளின் அடையாளத்தைக் கவனிக்க வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, கூட்டுத்தொகை சரியாக இருந்தால் கணக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று தன் முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பயண நாளன்று இரண்டு ஆட்டோக்களில் நாங்கள் சென்ட்ரல் போய்ச் சேர்ந்தோம். மாமா, தன் காசிப் பயணத்து ஹோல்டாலை, அதாவது படுக்கையைச் சுருட்டிக் கட்டும் பையை, தன் கையாலேயே ஒப்படைக்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, பிளாட்பாரச் சீட்டும் வாங்கி உள்ளே வந்துவிட்டார். நடைமேடையில் வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. புறப்பட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது அங்கிருந்தே கிளம்பும் வண்டி என்பதை ஒத்திகை நடந்த நான்கு நாளும் எங்களில் ஒருவர்கூட யோசித்துப் பார்க்கவில்லை. அப்பாவின் முகம் வாடிய விதத்தைக் காணச் சகிக்காமல், இருந்தாலும் இரண்டு நிமிடத்திலேயே ஏற்றிவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். மாமாவும் ஆர்வத்தோடு வரிசையில் சேர்ந்துகொண்டார். பாட்டி "பதினொன்று" என்று முடித்தபோது, ஒரு நிமிடம் நாற்பது விநாடிதான் ஆகியிருந்தது. அப்பா கம்பீரமாகக் குனிந்து, எல்லாக் கைப்பிடிகளுக்குள்ளும் சங்கிலியைக் கோத்துப் பூட்டிச் சாவியைப் பாட்டியிடம் கொடுத்தார்.

வண்டி புறப்படச் சில நிமிடங்கள் இருந்தபோது, அதுவரை மடியில் வைத்திருந்த சாப்பாட்டுக் கூடையை அம்மா கீழே இறக்கி வைத்தார். அப்பா பழக்கதோஷத்தில் மறுபடியும் எண்ணினார். பன்னிரண்டு வந்தது. இன்னொரு முறை எண்ணினார், பன்னிரண்டுதான். அப்போது சங்கிலியில் கோக்கப்பட்டிருந்த ஒரு மஞ்சள் பை மணியடித்தது. ஜன்னலுக்கு வெளியே, யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கிய கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். அவருடைய கைப்பேசி, ஸ்கூட்டர் சாவி, மூக்குக் கண்ணாடி, பிளாட்பாரச் சீட்டு எல்லாம் எங்கள் படுக்கைக்கு அடியில் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தன.

பாட்டி சுருக்குப் பையின் முடிச்சோடு போராடத் தொடங்கினார். வெளியே எடுக்கவே கூடாது என்ற உத்தரவை மதித்து அதற்கு மூன்று முடிச்சுப் போட்டிருந்தார். வண்டி மெல்ல அசைந்தது. "சங்கிலியை இழுங்கள்!" என்று ஜன்னலோடு நடந்தபடியே மாமா கத்தினார். "ஆயிரம் ரூபாய்! ஒரு வருஷம்!" என்று பாட்டி உள்ளிருந்து பதிலுக்குக் கத்தினார். அப்பா எந்தச் சங்கிலி என்று குழம்பி, பெட்டிச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பதினொரு உருப்படிகளும் ஒரே குடும்பமாக ஓரடி நகர்ந்து வந்தன.

"பையைத்தானே பூட்டினாய்? அதற்குள் இருப்பதையுமா பூட்டினாய்?" என்றார் பாட்டி.

அம்மா மஞ்சள் பைக்குள் கையை விட்டார். கைப்பேசி, சாவி, சீட்டு, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக அம்மாவிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து ஜன்னல் கம்பிகளின் வழியே மாமாவின் கைக்கும் போய்ச் சேர்ந்தன. கடைசியாகக் கண்ணாடி போனபோது மாமா ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்த வேகம் அதற்காவது பயன்பட்டது.

நடைமேடை பின்னால் போய் மறைந்த பிறகு, அப்பா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து 11 என்பதை அடித்துவிட்டு, "12 (ஒன்று காலி, எதிர்வீடு)" என்று திருத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டார். மணி பத்தைத் தாண்டிவிட்டதால், அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு நடுப் படுக்கையை விரிக்கத் தொடங்கினார்.