ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவர்களுக்கு

எனக்கு இருபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன், வயிற்றில் முதல் பிள்ளை, இப்போது ஐந்தாம் மாதம். கர்ப்பம் என்று தெரிந்த அன்று சந்தோஷத்தோடு சேர்ந்தே மனதுக்குள் வந்து குந்தியது பிளட் டெஸ்ட். மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்து பெயரைப் பதிந்துவிட்டு, இரத்த வகை, சீனி, ஹீமோகுளோபின் என்று எழுதின துண்டைத் தந்தபோதே கை குளிர்ந்துவிட்டது.

ஏழாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த நாளில்தான் முதன்முதலாக விழுந்தேன். எனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் கையில் ஊசி ஏறியதைப் பார்த்ததே போதுமாக இருந்தது. அதன் பிறகு எப்படியாவது தப்பிக்கொண்டே வந்தேன். ஒருமுறை காய்ச்சலுக்கு டெங்குவாக இருக்கலாம் என்று இரத்தம் பார்க்கச் சொல்லியும் போகாமல் நாலு நாள் படுத்துக்கிடந்தேன். அது எவ்வளவு ஆபத்தான வேலை என்று இன்றைக்கு நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இந்தமுறை தப்ப முடியாது. காலமை வெறும் வயிற்றோடு டவுனில் ஒரு லாபுக்குப் போனோம். இவரும் மாமியும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தது ஒரே விஷயம்: "கையைத் தளர விடு, மூச்சை ஆழமா இழு, ஒன்றுமில்லை." சொன்னபடியே செய்தேன், உடம்பு முழுக்கத் தளர விட்டேன், கதிரையில் இருந்தபடியே சரிந்து மேசை விளிம்பில் நாடி அடிபட்டது. வெறும் வயிறு, அதுதான் என்றார் மாமி.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஊசியைக் காணேக்க நெஞ்சு படபடக்குதோ, இல்லாட்டிக் கண் இருட்டுதோ?"

"முதல்ல படபடக்கும் டொக்டர், பிறகு இருட்டும்."

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார். மனநலப் பிரிவு என்றதும் ஊர் என்ன கதைக்கும் என்று மாமி பயந்தார். இவர்தான், பிள்ளைக்காகப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே உளவளத்துணையாளர் முதலில் எங்கள் வீட்டுப் பயங்களை எல்லாம் கேட்டார். தம்பிக்கு நாய். தெருவில் நாயைக் கண்டால் வந்த வழியே சைக்கிளைத் திருப்பி ஓடுவான், ஆனால் ஒருநாளும் மயங்கினதில்லை. சித்திக்கு நயினாதீவுப் படகு. படகேறுகிற குறிகட்டுவானில் கால் வைத்ததுமே வியர்க்கும், கடலுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம், உண்மையில் படகின் கீழ்த்தட்டில் சனத்தோடு நெருங்கி அடைபட்டு இருப்பதுதான் அவருக்கு ஏலாது. மிருகம், உயரம் இடி தண்ணீர் போன்ற இயற்கை, அடைபட்ட இடம் விமானம் போன்ற நிலைமைகள், இரத்தமும் ஊசியும், இவற்றில் அடங்காத மற்றவை என்று மருத்துவத்தில் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையையே தடுத்தால்தான் போபியா என்பார்கள்.

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அம்மம்மா இன்றைக்கும் கட்டிலுக்கு அருகே குந்திவிடுவார் என்று சொன்னேன். அதை இதோடு சேர்க்கக்கூடாது என்றார் அவர். சண்டைக் காலத்தில் அம்மம்மா பங்கருக்குள் இருந்து பட்டது அது, அதற்கான உதவி வேறு. அந்த வித்தியாசத்தை ஒருவர் சொல்லிக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சரி, என் விஷயம். மற்றப் பயங்களில் நெஞ்சு அடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், அவ்வளவுதான். ஊசி, இரத்தப் பயத்தில் பலருக்கு அது ஏறிவிட்டுச் சட்டென்று விழுகிறது, மூளைக்குப் போகிற இரத்தம் குறைகிறது, ஆள் மயங்குகிறது. பரம்பரையில் வருவதும் இதில் அதிகம். (அம்மாவும் இரத்தம் கண்டால் விழுவாராம், இருபத்தொன்பது வருஷம் எனக்குச் சொல்லவில்லை.) அப்படி அழுத்தம் விழுகிற உடம்பைத் தளர விடு என்றால் இன்னும் விரைவாகத்தானே விழும்? இத்தனை வருஷமும் எனக்கு அன்போடு சொல்லித் தந்தது முழுக்கத் தலைகீழ்.

செய்ய வேண்டியது இறுக்குவது. 1987இல் சுவீடனில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளரும் உல்ஃப் ஸ்டெர்னர் என்பவரும் எழுதி வெளியிட்ட முறை இது. கை, கால், உடம்புத் தசைகளைப் பத்துப் பதினைந்து செக்கன் இறுக்கிப் பிடிக்க வேண்டும், முகம் சூடாகிற வரைக்கும். பிறகு விட வேண்டும், முழுக்கத் தொய்யாமல் சாதாரணமாக இருக்கிற அளவுக்கு மட்டும். அரை நிமிஷம் பொறுத்துத் திரும்பவும். இப்படி ஐந்து தரம். கர்ப்பம் என்பதால் டொக்டரிடம் கேட்டுத்தான் தொடங்கினோம், வயிற்றை இறுக்க வேண்டாம், கையும் காலும் போதும் என்றார். கர்ப்பிணிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் செய்யாதீர்கள்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் பழகினேன். அதோடு சேர்த்துப் படிப்படியாகப் பார்க்கப் பழகுவதும் நடந்தது. முதலில் ஊசியின் படம், அதற்கே மூன்று நாள் போனது. பிறகு வீடியோ, பிறகு மூடி கழற்றாத சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது, பிறகு கையில் ரப்பர் பட்டி கட்டி அவிழ்ப்பது. கடைசியாகத் தம்பி இரத்தம் கொடுக்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண் இருட்ட வந்தது, இறுக்கினேன், தெளிந்தது. அந்த நிமிஷத்தில்தான் இது என் கையில் இருக்கிறது என்று நம்பினேன்.

நீங்கள் போகும்போது இரத்தம் எடுக்கிறவரிடம் முதலே சொல்லுங்கள், மயங்குகிற ஆள் நான், படுத்துக்கொண்டு தருகிறேன் என்று. நான் சொன்னதும் அந்த மிஸ் கட்டிலைக் காட்டி, "கால் ரெண்டையும் இறுக்குங்கோ பிள்ளை, ஊசி குத்துற கையை மட்டும் விடுங்கோ" என்றார். பயம் இருந்தது, நெஞ்சு அடித்தது. கால்களை இறுக்கியபடி கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூன்று குப்பி எடுத்து முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த சீனி டெஸ்டுக்கான திகதியைக் கார்டில் எழுதித் தந்தார்.