கொள்ளுத்தாத்தா கல்லறையில் பெயிண்ட் சுரண்டிய கதை

கொள்ளுத்தாத்தாவின் கல்லறை மேல் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பூசிவைத்த அன்பைச் சுரண்டி எடுப்பதே பாதி வேலையாகப் போய்விட்டது. அடியில் வெள்ளை, அதன் மேல் சில்வர், அதற்கும் மேல் நீல எனாமல். எழுத்துக்கு மட்டும் கறுப்பு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்கினால் போதும், ஒரு சித்தப்பாவோ மாமாவோ டப்பாவும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவார். எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான்.

இடம் ராணிப்பேட்டைப் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஒரு பழைய மிஷன் கல்லறைத் தோட்டம். 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனால் கல்லில் இருப்பது ‘வ. ஆ. ஜில்லா’தான், அதாவது வட ஆற்காடு. கொள்ளுத்தாத்தா ஸ்கடர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். 1866-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. கொள்ளுப்பாட்டி பைபிள் உமன், அதாவது பெண்களுக்கு பைபிள் சொல்லிக்கொடுக்கும் மிஷன் ஊழியர். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு நடந்தே போய் வந்தவர். இருவரும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள். அவருக்குக் கருங்கல்லில் தலைக்கல், பாட்டிக்குச் செங்கல் மேடையில் பதித்த ஒரு சின்னப் பளிங்குப் பலகை.

எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் போல இங்கேயும் இடப் பஞ்சம். யாரும் பராமரிக்காத பழைய கல்லறைகளை எடுத்துவிட்டுப் புது அடக்கத்துக்கு இடம் ஒதுக்கலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு அடிபட்டது. அதைக் கேட்ட பிறகுதான் குடும்பத்தில் எல்லோருக்கும் சுறுசுறுப்பு வந்தது. சித்தப்பா ஒரே போடாகப் போட்டார்: “பழசைத் தூக்கிடலாம்டா. ஜெட் பிளாக் கிரானைட், தங்க எழுத்து, லேசர்ல போட்டோ. பாக்கறதுக்கு கம்பீரமா இருக்கும்.” தாத்தாவின் போட்டோ யாரிடமும் இல்லை என்பதை அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

நான் பழைய கல்லையே காப்பாற்றலாம் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. வெள்ளைக்காரர் கல்லறைகளுக்குப் பட்டியல் இருக்கிறது. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மாவட்ட வாரியாகத் தொகுத்து 1905-லேயே அச்சிட்டுவிட்டார். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளுக்கென்றே 1976-இல் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கி, இன்றுவரை பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால் 1806 வேலூர்க் கலகத்தில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய் பற்றிக்கூட எங்காவது ஒரு வரி கிடைக்கும். கம்பவுண்டருக்கும் பைபிள் உமனுக்கும் யார் பட்டியல் போட்டார்கள்? அந்தக் கல்லை எடுத்துவிட்டால் அவர்கள் இருந்ததற்கு மிஞ்சுவது ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு கோணல் கையெழுத்துதான்.

முதல் படி அனுமதி. கல்லறை நம்முடையது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் நிலம் சபையுடையது. தென்னிந்தியத் திருச்சபையில் சொத்தெல்லாம் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும், உள்ளூரில் பாஸ்டரேட் கமிட்டி, அதாவது சபைக் கமிட்டி, பார்த்துக்கொள்ளும். உள்ளூர்ச் சபைப் போதகரான ஆயரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விட்டால் உங்கள் கதை கந்தல். எழுதிக் கொடுங்கள்: எந்தக் கல்லறை, என்ன செய்யப் போகிறோம், எதைத் தொடமாட்டோம், யார் செலவு. மற்ற வாரிசுகளின் கையெழுத்தும் கேட்டார்கள். அதற்குத்தான் அலைச்சல். குடியாத்தத்தில் ஒரு கிளை, பெங்களூரில் ஒரு கிளை, பேச்சு வார்த்தை இல்லாத ஒரு கிளை. கடைசியில் கமிட்டி செக்ரட்டரியே, “தம்பி, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு ஞாயித்துக்கிழமை ஆராதனையில அறிவிச்சுடறேன்” என்று வழி சொன்னார். இன்னொன்று: வேலூர்க் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் உங்கள் கல்லறைத் தோட்டம் இருந்தால் சபை அனுமதி மட்டும் போதாது. பழுது பார்க்கவே தனி அனுமதி வேண்டும்.

அடுத்தது பதிவு. கையை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று மாவு தடவுவதும், சாக்பீஸ் தேய்ப்பதும், கரி பூசுவதும் நம் ஊரில் சகஜம், வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்தால் போதும். எங்கள் தலைக்கல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் முகத்தில் நேராக அடிக்கும்போது ஒரு எழுத்தும் புரியாது. பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு, நம்மூர் உச்சி வெயில் கல்லின் மேல் விளிம்பை உரசிக்கொண்டு இறங்கும் பாருங்கள், அப்போது பெயிண்டுக்கு அடியில் இருக்கும் உளித்தடம்கூடத் தெரியும். மேற்குப் பார்த்த கல்லுக்கு உச்சி சாய்ந்த உடனே, பன்னிரண்டரை, ஒரு மணிக்கு. வெயிலே படாத மூலைக்கு ஒரு பீரோக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தைத் திருப்பினோம். தலையில் துண்டு, கையில் மோர் பாட்டில் கட்டாயம்.

அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. கடைசி வரி ‘கர்த்தருக்குள் இளப்பாறுகிறார்’ என்றுதான் எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு எழுத்துப்பிழை சகஜம் என்று வீட்டில் சிரிப்பார்கள். சரிவு வெளிச்சத்தில் பார்த்தால் ‘ள’வின் தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழிப்பு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ளை’! அந்த வடிவத்தைப் பார்த்தே இராத பெயிண்டர் அதைக் கீறல் என்று நினைத்து விட்டுவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கறுப்பு அடித்திருக்கிறார். கல் வெட்டியவர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்.

சுத்தம் செய்ய ஆள் தேடியபோது வந்த யோசனைகளில் பாதி கல்லைக் கொன்றிருக்கும். ஹார்டுவேர் கடையில் ஆசிட் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். பளிங்கு என்பது சுண்ணாம்புச் சத்துதான், ஆசிட் பட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். பளிச்சென்று ஆவது உண்மை, மேல்தோல் போனால் பளிச்சென்றுதானே இருக்கும்! பிளீச்சிங் பவுடர் கரைசல் உப்பைக் கல்லுக்குள் இறக்கிவிடும். அந்த உப்பு காய்ந்து படிகமாகும்போது கல் செதில் செதிலாக உதிரும். இன்னொருவர் கிரைண்டிங் மிஷினோடு வந்தார். “இன்னா சார் இதுக்குப் போயி யோசிக்கிற? மேல ஒரு நூலு எடுத்தா புதுசு மாதிரி ஆயிடும்.” நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எழுத்தின் ஆழத்தை அளந்து பார்த்தேன்: நல்ல இடத்தில் இரண்டு நூல், தேய்ந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கண்ணில் படாத பின்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் சோதனை. கருங்கல்லில் பெயிண்ட் ரிமூவர் ஜெல்லைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஊறிய பிறகு மூங்கில் சீவலால் வழித்தோம். இரும்புச் சுரண்டி, கம்பி பிரஷ் இரண்டுக்கும் தடை. எழுத்துக் குழிக்கு டூத்பிரஷ். அப்புறம் நல்ல தண்ணீர், நைலான் பிரஷ், கீழிருந்து மேலாக நனைத்துக் கழுவுவது. மேலிருந்து ஊற்றினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் கோடு போட்டு இறங்கும். பாசியை ஈரத்தில் ஊறவைத்தால் தானாகக் கழன்றது. ஒட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டோம். நீலம் சில குழிகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

பாட்டியின் மேடை வேறு விதமான தலைவலி. செங்கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தது. பிடுங்கினால் வேரோடு மேடையும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லியைப் பஞ்சால் தொட்டு வைத்து, காயும்வரை காத்திருந்தோம். பளிங்குப் பலகை குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. காரணம், பின்னால் இருந்த இரும்புக் கொக்கி. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். கொக்கியை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி வைக்கச் சொன்னோம்.

மேடையைத் திரும்பப் பூச சிமென்ட் கூடாது என்று நான் சொன்னதும் கொத்தனார்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பழைய செங்கல் கட்டு ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையும் பளிங்கையும் அரிக்கும். முன்பு யாரோ போட்ட சிமென்ட் ஒட்டு இருந்த இடத்தில்தான் செங்கல் பொடியாகிக் கையோடு வந்தது. சுண்ணாம்பு தெரிந்த ஆள் கடைசியில் கிடைத்தது ஒரு கோயில் திருப்பணியில்! கோபுரச் சுதை வேலை செய்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல். “கல்லறை வேலை, பரவாயில்லையாண்ணா?” என்று தயங்கிக் கேட்டேன். “சுண்ணாம்புக்கு இன்னா தெரியும்?” என்றார்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கு அடியில் ஊறப்போட்டு, செங்கல் தூளான சுர்க்கி ஒரு பங்கும் மணல் ஒன்றரைப் பங்கும் சேர்த்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை ஊற்றிக் குழைத்தார். அவருக்கு ஆற்று மணல்தான் வேண்டும். பாலாற்றங்கரையில் நின்றுகொண்டு ஒரு மூட்டை ஆற்று மணலுக்கு அலைந்தது தனிக்கதை. பூசி முடித்தபின் ஈரச் சாக்குப் போட்டு மூடி, இரண்டு வாரம் காய விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரணையின் பின்பக்கத்தால் அவர் தேய்த்துத் தேய்த்து இழுத்த அந்த மேற்பூச்சு இப்போது கை வைத்தால் வழுக்குகிறது.

தாத்தாவின் தலைக்கல் சாய்ந்திருந்தது. நாலடி உயரம், இரண்டடி அகலம், நாலங்குலக் கனம் என்றால் கருங்கல் ஏறக்குறைய 200 கிலோ வரும். நாலு பையன்களைச் சேர்த்து நெம்பிவிடலாம் என்று தோன்றும். கால் விரல் போய்விடும். மூன்று கால் வைத்த கம்பத்தில் செயின் புல்லி மாட்டி, நைலான் பெல்ட்டுக்கு அடியில் சாக்கு வைத்துத் தூக்கினோம். குழியில் கான்கிரீட் போடவில்லை. ஜல்லியும் மணலும் போட்டுக் கெட்டித்து, ரசமட்டம் பார்த்து நிறுத்தினோம். நாளைக்கு மறுபடி சாய்ந்தால் கல்லை உடைக்காமல் எடுக்க முடியும்.

மங்கிய எழுத்தை மறுபடி வெட்டலாமா என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. வெட்டினால் அது இன்றைய ஆளின் எழுத்தாகிவிடும் என்பது என் கட்சி. “படிக்க முடியாத கல்லு எதுக்குடா?” என்பது சித்தப்பா கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. கால்மாட்டில் ஒரு சின்னக் கடப்பாக் கல்லில் முழு வாசகத்தையும் புதிதாக வெட்டி வைப்பது என்று முடிந்தது. ‘ளை’யை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று எழுத்து வெட்டுகிறவர் கேட்டார். இப்போதைய வடிவம் போதும் என்றோம், பழையது மேலே கல்லில் இருக்கிறதே.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியைக் கல் மேல் நேராக ஒட்டாமல் மணல் போட்ட தட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். மேடைக்கு வெள்ளையடிக்க ஆசைப்பட்டால் சுண்ணாம்பு மட்டும், எமல்ஷன் கூடாது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கமிட்டியும் எங்கள் படங்களையும் அளவுகளையும் வாங்கிப் பதிவேட்டோடு வைத்துக்கொண்டு, அந்த வரிசை முழுவதையும் அதேபோல் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறது.

இந்த வேலையை ஆரம்பிப்பவர்கள் தை, மாசியில் ஆரம்பியுங்கள். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பிடிக்காது, சித்திரை வெயிலில் பிடிப்பதற்குள் வெடித்துவிடும். எங்களுக்குப் போக அரை டிரம் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் அப்படியே இருக்கிறது. மூடிவைத்தால் கெடாது, ஊற ஊற நல்லது. வேண்டியவர்கள் செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், டிரம்மை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.