சாமியை எப்போது கூப்பிடுவது?

கொள்ளிடக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில், குருவானவருக்கு உதவியாக இருக்கும் வேதியர் நான். குருவானவரைத்தான் நாங்கள் சாமி என்போம். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, கிளைக்கிராமங்களில் வழிபாடு நடத்துவது, கல்லறையில் குழிக்கு இடம் காட்டுவது என்று வேலை பலவகை. இதில் என் மனதை அதிகம் பிடித்துக்கொள்வது, சாகக் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போவதுதான்.

"அப்பாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு, சாமியைக் கூட்டிட்டு வாங்க" என்று நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது பேச்சு நின்றிருக்கும். சில வீடுகளில் மூச்சும். நோயாளிக்கு ஜெபித்து எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் ஓர் அருட்சாதனம், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கு. அது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். இறந்தது உறுதி என்றால் சாமி எண்ணெய் பூசமாட்டார், ஜெபம்தான் சொல்வார். அப்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டால், "சாமி வந்தா அப்பா பயந்துடுவாரு" என்பார்கள். 53 மணி ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் 'எங்கள் மரண வேளையிலும்' என்று வேண்டுகிற வீடுதான். ஆனால் கட்டிலில் ஆள் கிடக்கும்போது அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வருவதில்லை. பயம் எனக்குப் புரிகிறது. அவஸ்தைப்பூசுதல் என்றால் கடைசி மூச்சுக்கான சடங்கு என்றே தலைமுறை தலைமுறையாக நினைத்துவிட்டோம். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தச் சடங்கைத் திருத்தினார். கடுமையான நோய் வந்தவுடனே பூசலாம். பெரிய ஆபரேஷனுக்கு முன்பும், முதுமையில் தளர்ந்தவர்களுக்கும் பூசலாம். நோய் முற்றினால் திரும்பவும் பூசலாம். பைபிளில் யாக்கோபு திருமுகமும் (5:14) நோயாளியே திருச்சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் சொல்கிறது. அதற்கு அவருக்கு நினைவு இருக்க வேண்டும் அல்லவா? சாகிறவருக்கான கடைசி அருட்சாதனம் எண்ணெய்கூட அல்ல, வழியுணவாகக் கொடுக்கும் நற்கருணை, பூசையில் மந்திரித்த அப்பம். அதை விழுங்கத் தெம்பு வேண்டும்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவசாயி, நுரையீரலில் புற்று. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரே பேரனை அனுப்பி என்னை வரவழைத்தார். "எத்தனை நாளுன்னு பிள்ளைங்க சொல்ல மாட்டேங்குதுங்க, வேதியரே. நான் கணக்கை முடிக்கணும்" என்றார். சம்பா நடவு முடிந்திருந்த நேரம். முதலில் பாக்கிகளை எழுதச் சொன்னார். உரக்கடை, நடவுக் கூலி, கூட்டுறவு சங்கக் கடன். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தம்பியை வரச்சொல்ல முடியுமா?" என்றார்.

வாய்க்கால் மடையில் யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்ற தகராறு போலீஸ் வரை போய், அண்ணன் தம்பி பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பூசை பார்ப்பார்கள்.

தம்பி உடனே வரவில்லை. நானும் போய்க் கேட்டேன், சாமியும் சொல்லிப் பார்த்தார். ஒரு சாயங்காலம் வயலிலிருந்து நேராக, காலில் சேறு காய்ந்தபடி வந்து வாசலில் நின்றார்.

"உள்ள வாடா."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வீங்கியிருந்த அண்ணன் காலை மெதுவாகப் பிடித்துவிட ஆரம்பித்தார். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

"இனிமே மடையை நீ மொதல்ல தொறந்துக்க."

"அதை விடுண்ணே. உன் வயலையும் பார்த்துட்டுத்தான் வர்றேன். பயிரு நல்லாருக்கு."

மறுநாள் சாமி வந்தார். முக்காலியில் வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுரூபம் (சிலுவை), மெழுகுவத்தி, தீர்த்தம், துடைக்கப் பஞ்சு எல்லாம் எடுத்து வைத்தேன். பெரியவர் சாமியிடம் தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் முடியும்வரை எல்லோரும் திண்ணையில் இருந்தோம். பிறகு சாமி அவர் தலைமேல் கைவைத்து மௌனமாக நின்றார். பெரிய வியாழனை ஒட்டி ஆயர் மந்திரித்துத் தரும் எண்ணெயை நெற்றியிலும் இரண்டு கைகளிலும் பூசினார். நற்கருணையில் ஒரு சின்னத் துண்டை ஸ்பூன் தண்ணீரோடு பெரியவர் விழுங்கினார்.

அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருந்தார். பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரியில் மூச்சு முட்டும்போது பயந்தார். அப்போதெல்லாம் இயேசு, மரியாள், சூசையப்பர் பெயர்களைச் சேர்த்து "சேசு மரி சூசை" என்பார். அவரால் சொல்ல முடியாமல் போனபோது தம்பி காதருகே குனிந்து அதைச் சொன்னார்.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் கோயிலில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. 1798-இல் காலமான லுத்தரன் குரு சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்க, தஞ்சை மன்னர் சரபோஜி அவர் கையைப் பிடித்திருக்கிறார். சபை வேறானாலும் பூங்காப் பக்கம் போனால் அதைப் பார்க்காமல் திரும்பமாட்டேன். கைபிடிக்க ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை. ஐசியூவில் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கொண்டுபோவதற்கு முன்னால் சாமியைக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நன்மை (நற்கருணை) கொண்டுபோக, முந்தின நாளே பெயர் எழுதிக் கொடுப்பேன். இப்போது நடமாட்டத்தோடு இருப்பவர்களையும் அதில் சேர்க்கிறேன். டயாலிசிஸ் போகிறவர், இதய ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், சாமியை வரச்சொல்லட்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.